இடம் விட்டு எடுத்த படங்கள்

மங்களம் ரீச்சர் காலமாகிவிட்டார் என்று மெல்பேர்னில் இருந்து என் மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். “உது பழைய கதை பிள்ளை. உனக்கு ஆரோ பிந்திச் சொல்லியிருக்கினம்,” என்றேன். மகள் சிரிக்கவில்லை. “இல்லை அம்மா. இது உண்மையாத்தான். விடியப்புறம் நித்திரையிலையே மோசம் போட்டாவாம். பாரிஸிலை இருந்து வசந்தி மாமி எடுத்துச் சொன்னவ,” என்றாள். நான் இருப்பது சுன்னாகத்தில். ரீச்சர் இருந்தது ஒரு பஸ் தூரத்தில், புத்தூரில். அவருடைய மரணச் செய்தி பாரிஸில் இருக்கும் தங்கைக்குப் போய், அங்கிருந்து மெல்பேர்னுக்குப் போய், சுற்றி வளைத்து என் குசினிக்கு வந்து சேர்ந்தது. எங்கள் ஊர்ச் செய்திகள் இப்போது இந்த வழியால்தான் வருகின்றன. வெட்டிக்கொண்டிருந்த முருங்கைக்காயைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

சிரித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். அவரோடு படிப்பித்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் இதை வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்களோடு கொஞ்ச நேரம் அவரைப் பற்றிக் கதைக்க வேண்டும் போல் இருக்கிறது.

மங்களேஸ்வரி என்பது முழுப்பெயர். எங்கள் பாடசாலையில் அவர் புவியியல், நான் ஆங்கிலம். என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதால் அவர் எனக்கு அக்கா, நான் அவருக்கு ராணி. ஆசிரியர் குழுப் படம் எடுக்கும் நாள் வந்தால் அக்காவுக்குக் காய்ச்சல் வரும். வராவிட்டால், விஞ்ஞானம் படிப்பித்த பருத்த மாஸ்ரரின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பார். பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் மாஸ்ரரின் தோளுக்கு மேலால் ஒரு நெற்றியும் பொட்டும் மட்டும் தெரியும். “என்னைப் பாக்க ஆருக்கு இப்ப அவசரம்?” என்று கேட்பார். அப்படிப்பட்டவர் ஓய்வுபெற்ற பிறகு தன்னைத் தானே படம் எடுக்கத் தொடங்கினார், கடைசி வருடம் வரைக்கும் எடுத்தார். முதலில் கேள்விப்பட்டபோது, தனிமையில் இருந்து ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

அதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் அவர் தாயாரின் செத்தவீட்டுக்குப் போக வேண்டும். போரால் யாழ்ப்பாணத்துக்கான பாதை பூட்டியிருந்த காலம் அது. அக்காவின் அண்ணன் சிவபாலன் ரொறன்ரோவில் இருந்தார். அகதி வழக்கு முடியாமல் அந்த நாட்டை விட்டு வெளியே வர அவருக்கு வழியில்லை, வந்திருந்தாலும் வீட்டுக்கு வந்து சேர வழியில்லை. கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் இல்லாமல், சித்தப்பாவின் மகன் வைத்தான். பிரேதப் பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். வர முடியாத பிள்ளைகளின் முகத்தைப் பழைய படத்தில் இருந்து வெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டித் தரச் சொல்லி ஸ்ரூடியோவில் கேட்பதும் அப்போது இருந்தது. பார்க்கிறவர்களுக்கு ஆறுதல் என்று நினைத்தோம். அக்காவும் அப்படித்தான் கேட்டார். ஸ்ரூடியோக்காரரிடம் கொடுக்க வீட்டில் இருந்தது அண்ணனின் கலியாணப் படம் ஒன்றுதான். அந்த முகத்தை வெட்டி, சித்தப்பா மகனின் உடம்பில் பொருத்திக் கொடுத்துவிட்டார்கள். வேலை நல்ல சுத்தம். ஆனால் தாயின் தலைமாட்டில் மகன் கலியாண மாப்பிள்ளையாய்ச் சிரித்துக்கொண்டு நின்றான்.

அந்தப் படம் ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் ஒரே ஒருதரம் தொலைபேசி எடுத்தார். “என்ரை அம்மா செத்ததுக்கு நான் சிரிச்சனானோ மங்களம்?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு தங்கையோடு கதைக்கவில்லை. வழக்கு முடிந்து கனடாக் கடவுச்சீட்டு கிடைத்த பிறகும் ஊருக்கு வரவில்லை. சுகம் விசாரிப்பதெல்லாம் பாரிஸில் இருந்த கடைசித் தங்கை வசந்தி மூலம்தான் நடந்தது. அந்த அழைப்பைப் பற்றி அக்கா என்னிடம் சொன்னபோது பாடசாலை விட்டுப் பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். மேசையில் தலையை வைத்து ஒரு பாட்டம் அழுதார். “பிழை என்ரைதான் ராணி. இல்லாத ஆளை இருக்கிற மாதிரிக் காட்டினன். அவருக்கு அது நெருப்பள்ளிக் கொட்டினது போலை,” என்றார். அண்ணன் ஒருக்கால் இந்த வீட்டுக்கு வந்து நிற்க வேண்டும் என்பதுதான் அன்றில் இருந்து அவருடைய ஒரே ஆசை. வேறு எதையும் அவர் பெரிதாய்க் கேட்டு நான் அறியேன்.

ஓய்வுபெற்ற வருடம் வசந்தி ஒரு நல்ல கைத்தொலைபேசி அனுப்பினாள். “என்ன அக்கா செய்யிறாய்?” என்று அவள் கேட்பதும், “சும்மா இருக்கிறன்” என்று இவர் சொல்வதுமாய்க் கொஞ்ச நாள் போனது. ஒரு நாள் சொல்வதற்குப் பதில் காட்டிவிடலாம் என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. முற்றத்து உரலைக் கவிழ்த்து, அதன்மேல் தொலைபேசியைச் செங்கல்லோடு சாய்த்து வைத்து, ரைமரைத் தட்டிவிட்டு ஓடிப்போய் நின்றார். துவைத்த சீலையை மடிக்கும் படம் அது. சீலை மடிக்க இரண்டு பேர் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு தலைப்பை இவர் பிடித்திருக்கிறார். மறு தலைப்பு நிலத்தில் கிடக்கிறது. அந்தப் பக்கம் முழுக்க ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு வெறும் இடம். வசந்தி அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் விம்மினாளாம். சின்ன வயதில் அந்த மறு தலைப்பைப் பிடித்தவள் அவள்தான்.

அதோடு அக்கா அந்த வேலையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் இரண்டு பேராய்ச் செய்த வேலைகளையெல்லாம் ஒவ்வொன்றாய் நினைத்து, தான் ஒரு பக்கம் நின்று, மற்றப் பக்கத்தை விட்டு எடுத்தார். பாய் உதறுவது, ஏணி பிடிப்பது, தாயம் விளையாடுவது. எனக்கு மிகவும் பிடித்தது வாங்கு தூக்கும் படம். விறாந்தையில் கிடந்த, நாலு பேர் உட்காரும் நீட்டு வாங்கின் ஒரு நுனியை அக்கா தம் பிடித்துத் தூக்கி நிற்கிறார், மறு நுனி தரையை விட்டு அசையவே இல்லை. முகத்தில் ஒரு முழி வேறு. அதைப் பார்த்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். ஒரு விதியை மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை. எதையும் ஒட்டமாட்டார், எவரையும் அந்த இடத்தில் பாவனைக்கும் நிறுத்தமாட்டார். நான் ஒருநாள் பகிடியாய், “வேணுமெண்டால் நான் ஒருக்கா மற்றப் பக்கம் பிடிக்கட்டே அக்கா?” என்று கேட்டேன். “நீர் தேத்தண்ணியைக் குடியும் ராணி. அது அண்ணையின்ரை பக்கம்,” என்றார்.

இன்னொரு நாள் கேட்டேன், ஊரை விட்டுப் போனவர்களுக்குத்தானே வீட்டு நினைப்பு வரும், வீட்டிலேயே இருக்கிற உங்களுக்கு என்ன வந்தது என்று. அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “வீடெண்டது சுவரும் ஓடுமே? போனவை போகேக்கை வீட்டிலை ஒவ்வொரு துண்டைக் கொண்டு போயிட்டினம். அவை அங்கை இருந்து இதைத் தேடினம். நான் இஞ்சை இருந்து அதைத் தேடுறன்,” என்றார். இதை அவர் சோகமாய்ச் சொல்லவில்லை. பனங்கிழங்கை உரித்துத் தின்றுகொண்டுதான் சொன்னார்.

என்னையும் அவர் சும்மா விடவில்லை. மகளுக்கு அனுப்புவதற்காக நான் நல்ல சீலை கட்டி, பவுடர் போட்டு, பூச்சாடிக்குப் பக்கத்தில் நின்று பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு படம் எடுப்பித்துக்கொண்டிருந்தபோது வந்துவிட்டார். நின்று மேலும் கீழும் பார்த்தார். “உப்பிடி நிண்டால் உம்மடை மகள் சீலையைத்தான் பாப்பாள். நாளைக்குக் காலமை வேர்த்து விறுவிறுத்து நிக்கேக்கை நீரே ஒண்டு எடும்,” என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை தூர இருக்கிறாள், அவளை ஏன் கவலைப்படுத்த வேண்டும் என்று சண்டைக்குப் போனேன். முழங்கால் நோவையும் தலைச்சுற்றையும் நான் மகளுக்குச் சொல்வதில்லை. அவளும் அங்கத்தைய கரைச்சல் எதையும் எனக்குச் சொல்வதில்லை. இரண்டு பேரும் சிரித்த படங்களை மாறி மாறி அனுப்பிக்கொண்டு சுகமாய்த்தானே இருக்கிறோம் என்றேன். அக்கா விவாதத்துக்கு வரவில்லை. “சரி, சீலை வடிவாத்தான் இருக்கு,” என்று மட்டும் சொன்னார்.

இனி அந்தச் சிரிப்புக் கதைக்கு வருகிறேன். புத்தூரில் உள்ள சனசமூக நிலையத்தில் அக்காவின் படங்களைக் கண்காட்சியாய் வைக்க அவரிடம் படித்த பிள்ளைகள் சிலர் ஏற்பாடு செய்தார்கள். ‘வீட்டில் நான்’ என்று பெயர். சுவரொட்டி அடிக்க ஓர் அச்சகத்தில் கொடுத்தார்கள். அந்த அச்சகத்தில் அடிப்பதில் முக்கால்வாசியும் கண்ணீர் அஞ்சலி. கை அதே பழக்கத்தில் போயிருக்கிறது. நடுவில் அக்காவின் முகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, சுற்றிவரப் பூ, கீழே கண்காட்சி தொடங்கும் கிழமையும் நேரமும். ‘அன்புடன் அழைக்கின்றோம்’ என்பது எறும்பு எழுத்தில். பிள்ளைகள் அதைச் சரியாய்க் கவனிக்காமல் சந்தி சந்தியாய் ஒட்டிவிட்டார்கள். அடுத்த நாள் காலை நான் அக்கா வீட்டுக்குப் போனபோது படலையடியில் சனம். பந்தல் போடுகிறவர் வந்து, எத்தனை கதிரை இறக்குவது என்று கேட்டு நிற்கிறார். மூக்கைச் சிந்திக்கொண்டு வந்த இரண்டு பேர் குசினி வாசலில் அக்காவைக் கண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்கள். செத்தவீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் செத்தவரே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். “உங்கடை மரியாதையை இண்டைக்கே பாத்திட்டன். பேந்து செத்தவீட்டுக்கு வராட்டிலும் கோவிக்கமாட்டன்,” என்றார்.

சுவரொட்டியை யாரோ படம் பிடித்து முகநூலில் போட்டதால் தொலைபேசி ஓயவில்லை. அக்காவின் கை நிறையக் கோப்பை. அதனால் ஒரு அழைப்பை நான் எடுத்தேன். ஒரு ஆண் குரல், “நான் சிவபாலன். ரொறன்ரோவிலை இருந்து. என்ரை தங்கச்சி எப்ப போனவ?” என்று கேட்டது. “அவவிட்டையே கேளுங்கோ,” என்று தொலைபேசியை நீட்டினேன். அக்கா, “அண்ணை... நான்தான்,” என்றார். மறுமுனையில் பெரிதாய் ஒரு அழுகை. பிறகு, “விசரி! விசரி!” என்ற பேச்சு. அக்கா சுவரோடு சாய்ந்து நின்று பேச்சு வாங்கினார். அத்தனை வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல் அது. கடைசியில் அண்ணன், கண்காட்சியில் அப்படி என்ன படம் என்று கேட்டார்.

படங்களையெல்லாம் அக்கா அனுப்பினார். ஒன்றை மட்டும் அனுப்புவதா விடுவதா என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். வீட்டு மண்டபத்தில், தாயாரின் பெட்டி வைத்திருந்த இடத்தில் அண்மையில் எடுத்த படம் அது. அக்கா வெள்ளைச் சீலையோடு கால்மாட்டுப் பக்கம் நிற்கிறார். தலைமாட்டில் எவரும் இல்லை. சீமெந்து நிலமும் யன்னல் வெளிச்சமும் மட்டும். “இதைப் பாத்திட்டு மனிசன் இனி ஒருக்காலும் கதைக்காமல் விட்டாலும் விடுவர்,” என்றார். பிறகு, ஒட்டியதை அனுப்பினேனே, ஒட்டாததையும் அனுப்பத்தானே வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தட்டினார்.

பதில் உடனே வரவில்லை. அந்த நாட்களில் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கண்காட்சிக்கு வந்தவர்களுக்குச் சிரித்த முகத்தோடு படங்களைக் காட்டிவிட்டு, பின்வாசலுக்குப் போய்த் தொலைபேசியைப் பார்ப்பார். சாவகச்சேரியில் இருந்து வந்த ஒரு வயதான ஐயா வாங்குப் படத்துக்கு முன்னால் நின்று, “ரீச்சர், மற்றப் பக்கம் பிடிக்க ஆள் வரேல்லையோ?” என்று கேட்டார். “இன்னும் வரேல்லை ஐயா,” என்றார் அக்கா. “எங்கடை வீட்டிலையும் உப்பிடித்தான்,” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த படத்துக்குப் போனார்.

கண்காட்சி முடிந்து படங்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. “உதிலை நான் இல்லை,” என்றார் அண்ணன். “ஓம் அண்ணை. நீங்கள் வரேல்லை,” என்றார் அக்கா. “ஓம். நான் வரேல்லை,” என்று அவர் மெல்லச் சொன்னார். பிறகு, “இப்பதான் மங்களம் நீ சரியான படம் எடுத்திருக்கிறாய்,” என்றார். அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு, கையில் இருந்த ஆணிகளையெல்லாம் என் கையில் கொட்டிவிட்டு, வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மாரி முடிந்ததும் அண்ணன் வந்தார். வந்த முதல் நாளே மண்டபத்தில் அந்தத் தலைமாட்டில் போய் நின்று அழுதாராம். அந்த நேரம் அக்கா கமராவைத் தொடவில்லை. இரண்டு மூன்று கிழமை அண்ணனுக்குச் சமைத்துக் கொடுப்பதுதான் அவருக்கு வேலை. ஒடியல் கூழும் நண்டுக்கறியுமாய் வீடே மணத்தது. படத்துக்கு நிற்கச் சொல்லி ஒருதரமும் கேட்கவில்லை. பழையபடி தன்னை எடுக்க ஒரு காலை கிணற்றடியில் ரைமரைத் தட்டிவிட்டுத் துலாக் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். இடுப்பில் சாரமும் தோளில் துவாயும் வாயில் பற்தூரிகையுமாய் அண்ணன், “என்னடி செய்யிறாய் தனிய நிண்டு?” என்று கேட்டுக்கொண்டு நேரே நடந்து வந்து மற்றப் பக்கத்தில் நின்றுவிட்டார். ரைமர் அடித்துப் படம் விழுந்துவிட்டது. அண்ணனின் தாடையெல்லாம் நுரை. அக்கா சிரிப்பில் ஆடியதால் முகம் கலங்கலாய் இருக்கிறது. ஆனால் ஒளிய அவருக்கு எவருடைய முதுகும் தேவைப்படவில்லை. முழு ஆளாய் நிற்கிறார்.

அந்தப் படத்தை எனக்குக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்ததை நிறைவு என்றுதான் சொல்ல வேண்டும். “இனி என்ன அக்கா எடுக்கப் போறியள்?” என்று கேட்டேன். “இனி உந்த மாமரத்தை எடுக்கலாம் எண்டு யோசிக்கிறன். அதாவது சொல்லுறபடி அசையாமல் நிக்கும்,” என்றார். மாமரத்தை உண்மையிலேயே கொஞ்சம் எடுத்தார். சுமாராய்த்தான் இருந்தன. அதைச் சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

அண்ணன் திரும்பிப் போய்ச் சில மாதத்தில் அக்கா போய்விட்டார். நோய் நொடி என்று கிடக்கவில்லை. அண்ணனாலும் வசந்தியாலும் அந்த அவசரத்தில் வர முடியவில்லை. செத்தவீட்டில் படம் எடுக்க நின்ற பெடியன், வெளிநாட்டு ஆட்களையும் சேர்த்துத் தரலாம், இப்போது கொம்பியூட்டரில் அச்சாவாய் வரும் என்றான். நான் ரொறன்ரோவுக்கு எடுத்துக் கேட்டேன். அண்ணன் அழுதுகொண்டுதான் இருந்தார். ஆனால் குரல் உடையவில்லை. “என்னைச் சேர்க்க வேண்டாம் ராணி. நான் வந்து அவளோடை நிண்டனான்தானே. அது காணும்,” என்றார். பெடியனுக்கு அதைச் சொன்னேன். இருந்தவர்களை மட்டும் எடுத்தான்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். நான் வேதக்காரி, தேவாலயத்துக்குப் போகிறவள், செத்தவீட்டால் வந்து முழுக வேண்டும் என்ற கட்டாயம் எனக்கு இல்லை. ஆனாலும் முழுகாமல் உள்ளே போக மனம் வருவதில்லை. வெளிப் பைப்படியில் நின்றபோது மகளின் செய்தி வந்தது. “அம்மா எப்பிடி இருக்கிறியள்?” நல்லாய் இருக்கிறேன் என்று அடிக்கப் போன கையை நிறுத்தினேன். மதிலில் தொலைபேசியைச் சாய்த்து வைத்தேன். கசங்கின சீலை, கலைந்த தலை, வீங்கின கண், நோகிற காலை ஒருபக்கம் சாய்த்து ஊன்றியபடி நின்று, வாழ்க்கையில் முதல்முறையாய் என்னை நானே எடுத்தேன். திருத்தாமல் அனுப்பினேன். அக்காவிடம் இருந்து நான் வைத்துக்கொண்டது இந்தத் துணிவு ஒன்றைத்தான்.

பதிலாய் எழுத்து வரவில்லை. ஒரு படம் வந்தது. மெல்பேர்னில் எங்கோ இரவில் நிறுத்தின காருக்குள், வேலைக்குப் போகிற உடுப்போடு, மூக்கு நுனி சிவந்து, கண் மை வழிந்து, அழுதபடி என் மகள். சின்னப் பிள்ளையில் அழும்போது இருந்த அதே மூக்கு. அவள் போய் இத்தனை வருடத்தில் அவள் எனக்கு அனுப்பிய முதல் படம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.